மட்டக்களப்பு: வாவியும் நகரும் மக்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பைப் பற்றிப் பாடசாலை மாணவர்களும், வெளிமாவட்டங்களிலிருந்து முதன்முறையாக வருவோரும், புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்து பெற்றோரின் ஊரைத் தேடி வரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கோட்டையையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் மட்டும் பார்த்துவிட்டு இந்த நகரை அறிந்துவிட்டதாக யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதே எங்கள் கவலை. இதன் பாதி நிலமும், சோற்றுக்கான நெல்லின் பெரும்பகுதியும், பழைய கோயில்களில் பலவும் வாவிக்கு அக்கரையில்தான் இருக்கின்றன.

மட்டக்களப்பு ஓர் ஆற்றங்கரை நகரமா?

ஊர்ப் பேச்சில் இந்த நீரை "ஆறு" என்றே பலர் சொல்லுவார்கள். ஆனால் நகரைச் சுற்றி நிற்பது வாவி. கடலுக்குச் சமாந்தரமாக, ஒடுங்கிய மணல்மேட்டுக்குப் பின்னால் வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் உவர்நீர்ப் பரப்பு. வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைக்கு அண்மை வரை அது செல்கிறது. முந்தனை ஆறு, மகிழவெட்டுவான் ஆறு, நவகிரி ஆறு முதலியவை மேற்கிலிருந்து மழைநீரைக் கொண்டுவந்து இதில் கொட்டுகின்றன. இந்த நீர் கடலைச் சேர்வதற்கு இரண்டு வாய்களே உள்ளன. ஒன்று நகருக்கு வடகிழக்கே பாலமீன்மடுவை அண்டிய முகத்துவாரம். மற்றையது தெற்கே கல்லாற்றுப் பகுதியில் உள்ளது. ஆழம் மிகுந்த நீர்நிலை என்று இதனைச் சொல்ல முடியாது. பல இடங்களில் தோணிக்காரர் கம்பு ஊன்றியே தோணியைத் தள்ளிச் செல்வார்கள்.

மாவட்டத்தில் இன்னும் இரண்டு களப்புகள் இருக்கின்றன. வாழைச்சேனையில் உள்ள உப்பாறும், வாகரைப் பக்கத்துப் பனிச்சங்கேணிக் களப்புமே அவை. வெளியூரார் "மட்டக்களப்பு வாவி" என்னும்போது பொதுவாக நகரைச் சூழ்ந்த பெரிய வாவியையே கருதுகிறார்கள்.

எழுவான்கரை, படுவான்கரை என்பவை எவை?

ஞாயிறு எழுகின்ற பக்கத்துக் கரை எழுவான்கரை. ஞாயிறு படுகின்ற பக்கத்துக் கரை படுவான்கரை. வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் நகரும், காத்தான்குடியும், ஆரையம்பதியும், களுவாஞ்சிக்குடியும், கல்முனையை நோக்கிச் செல்லும் பெருந்தெருவும் நெருக்கமாக அமைந்துள்ளன. மேற்கே கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு, அம்பிளாந்துறை, மண்டூர், வவுணதீவு, ஆயித்தியமலை என்று விரியும் வயலும் காடும் குளமும் சேர்ந்த பரப்பு படுவான்கரை ஆகும்.

மட்டக்களப்பின் சமூக வரலாற்றைப் புரிந்துகொள்வதற்கு இந்தப் பிரிவைவிடச் சிறந்த வாசல் வேறில்லை. எழுவான்கரையில் குடியிருந்த பல குடும்பங்களுக்கு வயல் படுவான்கரையில் இருந்தது. விதைப்புக் காலத்திலும் வெட்டுக் காலத்திலும் ஆண்கள் வாவியைக் கடந்து சென்று வயல்வாடியில் தங்கினார்கள். அங்கே விளைந்த நெல்லும், தயிரும், விறகும் தோணியில் இக்கரைக்கு வந்தன. இக்கரையிலிருந்து தேங்காயும், மீனும், உப்பும், துணியும் அக்கரைக்குப் போயின. ஒரே குடும்பம் இரு கரைகளிலும் கால் வைத்து வாழ்ந்த இடம் இது. பாடசாலை, வைத்தியசாலை, அரச அலுவலகம் ஆகியவை மட்டும் நீண்ட காலம் பெரும்பாலும் ஒரு கரையிலேயே குவிந்திருந்தன. அந்தக் குறை இன்றும் முற்றாக நீங்கவில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

நகரின் நடுப்பகுதி தீவாக இருப்பது எப்படி?

பழைய நகரம் புளியந்தீவில் அமைந்தது. பெயரிலேயே தீவு இருக்கிறது; நான்கு புறமும் வாவி நீர் சூழ்ந்த சிறிய நிலம் அது. கோட்டை, பழைய கடைத்தெருக்கள், தேவாலயங்கள், முதற் பாடசாலைகள், நீதிமன்றம் ஆகியவை எல்லாம் இங்கேயே எழுந்தன. புளியந்தீவைக் கோட்டைமுனையோடு பாலம் இணைக்கிறது. அங்கிருந்து அரசடி, தாமரைக்கேணி, அமிர்தகழி என நகரம் வடக்கே வளர்ந்தது. கிழக்கே கல்லடியும் நாவலடியும் கடற்கரையைத் தொட்டு நிற்கின்றன. மேற்கே வலையிறவுப் பாலம் வவுணதீவுக்கு இட்டுச் செல்கிறது. இவ்வாறு எந்தத் திசையில் புறப்பட்டாலும் சிறிது தூரத்தில் நீரைக் கடக்க வேண்டியிருப்பதால், இந்நகரின் வளர்ச்சியைப் பாலங்களின் காலவரிசையைக் கொண்டே எழுதிவிடலாம்.

கோட்டையைக் கட்டியவர்கள் யார்?

ஒல்லாந்தர் கோட்டை என்று அழைக்கப்பட்டாலும் அதனை முதலில் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1628இல் அவர்கள் புளியந்தீவில் இக்கோட்டையை எழுப்பினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1638 மே மாதத்தில், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுடன் கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர், ஆதம் வெஸ்டர்வோல்ட் என்ற தளபதியின் தலைமையில் அதனைக் கைப்பற்றினார்கள். இலங்கையில் போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் இழந்த முதற் கோட்டை இதுவே. ஒல்லாந்தருக்கும் இக்கரைக்கும் உள்ள உறவு அதற்கும் முந்தியது. 1602இல் யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் மட்டக்களப்புக் கரையில் கப்பலை நிறுத்தி, இங்கிருந்தே கண்டிக்குச் சென்று முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். கண்டி அரசுக்குக் கடல்வழி திறந்திருந்த துறைகளில் மட்டக்களப்பும் ஒன்று என்பதே இதற்குக் காரணம்.

1795இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் கச்சேரி எனப்படும் மாவட்ட அரச செயலகம் நீண்ட காலம் இதற்குள்ளேயே இயங்கியது. நாற்சதுரமான கோட்டையின் இரு பக்கங்களை வாவியும் ஏனைய இரு பக்கங்களை அகழியும் காத்து நின்றன. மூலைக் கொத்தளங்களையும் பழைய பீரங்கிகளையும் இன்றும் காணலாம்.

கல்லடிப் பாலத்துக்கு ஏன் இவ்வளவு பெயர்?

1924இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலத்துக்கு அக்காலத் தேசாதிபதி வில்லியம் மனிங்கின் மனைவியை நினைவுகூர்ந்து லேடி மனிங் பாலம் என்று பெயரிட்டார்கள். மக்கள் அதனைக் கல்லடிப் பாலம் என்றே அழைத்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டுமே வாகனம் செல்லக்கூடிய ஒடுங்கிய பாலம் அது. கல்முனைப் பேருந்து அக்கரையில் காத்திருக்க, இக்கரை வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரும்புத் தகடுகளின் மேல் ஓசையெழுப்பிக் கடந்து வருவது இரண்டு மூன்று தலைமுறைகளின் அன்றாட அனுபவமாக இருந்தது. ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட புதிய பாலம் 2013 மார்ச்சில் திறக்கப்பட்டது. பழைய பாலத்தை அகற்றாமல் அருகிலேயே விட்டுவைத்தது நல்ல முடிவு. மாலையில் காற்று வாங்குவோருக்கும் தூண்டில் போடுவோருக்கும் இப்போது அது உரியதாகிவிட்டது.

கல்லடிப் பாலம் புகழ்பெற்றது. ஆனால் படுவான்கரை மக்களைப் பொறுத்தவரை 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் அதைவிடப் பெரிய மாற்றத்தைத் தந்தது. அதற்கு முன் மண்முனையில் "பாதை" ஓடியது. பாதை என்பது ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சிறு வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. மாரிக்காலத்தில் காற்றும் நீரோட்டமும் மிகுந்தால் பாதை நின்றுவிடும். பிரசவ வலியுடன் துறையில் காத்திருந்த தாய்மாரைப் பற்றிப் படுவான்கரையில் கேட்டால் ஒவ்வோர் ஊரிலும் ஒரு கதை சொல்வார்கள்.

வாவியில் மீன் பாடுவது உண்மையா?

ஓசை கேட்பது உண்மை. அமைதியான முழுநிலவு இரவுகளில், பெரும்பாலும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான காலத்தில், கல்லடிப் பாலத்தை அண்டிய பகுதியில் தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதோடு வைத்துக் கேட்பது மீனவரின் வழக்கம். நரம்புக் கருவியை மெல்ல மீட்டுவதுபோன்ற பல சுருதிகள் நீருக்கடியிலிருந்து வருவதாகக் கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலேய அரசின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848இல் இங்கு வந்து அதனைக் கேட்டு விரிவாகப் பதிவு செய்தார். 1950களில் புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த அமெரிக்க இயேசு சபைத் துறவி அருட்தந்தை லாங் அந்த ஒலியைப் பதிவு செய்தார். பின்னர் அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பாயிற்று.

ஓசையை எழுப்புவது மீனா, பாறையில் ஒட்டிய சிப்பி வகையா என்ற விவாதம் டெனன்ட் காலத்திலேயே தொடங்கியது. விடை எதுவானாலும் பாடும் மீனையும் யாழையும் இந்நகர் தன் அடையாளமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. "மீன்பாடும் தேனாடு" என்ற தொடர் ஊரெங்கும் வழங்குகிறது. கொழும்பிலிருந்து வரும் இரவுப் புகையிரதத்தின் பெயரும் பாடுமீன்தான். படகுகளின் இயந்திர ஓசையும் பாலத்துப் போக்குவரத்தும் பெருகிய பின் அந்த மெல்லிய ஒலியைக் கேட்பது அரிதாகிவிட்டது என்பது உண்மையில் வருந்தத்தக்கது. மாதத்தில் ஓர் இரவேனும் அந்தப் பகுதியில் இயந்திரப் படகுகளை நிறுத்தி வைப்பது பற்றி நகரம் சிந்திக்க வேண்டும்.

முகத்துவாரம் வெட்டுவது ஏன் ஆண்டுதோறும் விவாதமாகிறது?

கோடையில் ஆறுகள் வற்றி, வாவியிலிருந்து கடலுக்குச் செல்லும் நீரோட்டம் தளரும்போது, அலை கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைத்து மேடாகிறது. அப்போது வாவிக்கும் கடலுக்கும் தொடர்பு குறைந்து அல்லது முற்றாக அற்று நிற்கும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் வாடைக்காற்றோடு மாரி பெய்து, மேற்கிலிருந்து வெள்ளம் இறங்கும்போது நீருக்குப் போக்கிடம் இல்லாமல் வாவி ஏறத் தொடங்கும். முதலில் படுவான்கரையின் தாழ்ந்த வயல்கள் மூழ்கும். பிறகு நகரின் தாழ்ந்த குடியிருப்புகளுக்குள் நீர் வரும். அந்நேரத்தில் மணல்மேட்டைக் குறுக்கே வெட்டி வாயைத் திறந்துவிட வேண்டும். முன்னர் மண்வெட்டிகளோடு ஆட்கள் இறங்கினார்கள். இப்போது இயந்திரம் வருகிறது. சிறிய வாய்க்காலாக வெட்டிவிட்டாலே போதும், இறங்கும் வெள்ளம் தானாகவே அதனை அகலமாக்கிக்கொள்ளும்.

எப்போது வெட்டுவது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. இளம் நெற்பயிர் நீரில் நிற்கும் விவசாயிக்கு ஒவ்வொரு நாளும் இழப்பாகையால் அவர் விரைந்து வெட்டச் சொல்வார். வாவி மீனவரோ, அவசரப்பட்டு வெட்டினால் நீர் முழுவதும் இறங்கி, அதனோடு மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும் என்று கவலைப்படுவார். மழை எதிர்பார்த்தபடி தொடராவிட்டால் கடல்நீர் உள்ளே ஏறி வயலோரங்களை உவராக்கும் என்ற அச்சம் இரு தரப்பினருக்கும் உண்டு. ஆகவே மாவட்டச் செயலகத்தில் கூட்டம் நடக்கும். விவசாயிகளின் சங்கங்களும் மீனவரின் சங்கங்களும் வாதிடும். முடிவு சில வேளைகளில் வெள்ளம் வந்த பிறகே எட்டப்படும்.

இந்த வழக்கில் எந்த ஒரு தரப்பையும் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று. இருவரும் ஒரே நீரை நம்பி வாழ்பவர்கள். வாவியின் நீர்மட்டம் எந்த அளவை எட்டினால் வெட்டுவது என்பதை மாரிக்கு முன்பே, புரட்டாதி மாதத்திலேயே, இரு தரப்பினரும் கூடி முடிவு செய்து, அளவுகோலைப் பாலங்களிலும் துறைகளிலும் எல்லோரும் காணும்படி நாட்டிவிட்டால் அரைவாசிப் பிணக்கு தீரும் என்பது எங்கள் கருத்து. மீதிப் பாதி, வாவிக் கரையை மண் நிரப்பிக் குடியிருப்பாக்குவதையும், கண்டல் காடுகளை அழிப்பதையும் நிறுத்துவதில் தங்கியிருக்கிறது. வெள்ளம் பரந்து தங்குவதற்கிருந்த இடங்களை நாமே குறைத்துவிட்டு, முகத்துவாரம் ஒன்றே எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

இங்குள்ள பழைய பாடசாலைகள் எவை?

1814இல் வெஸ்லியன் மிஷனரியான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்திறங்கிக் கல்விப் பணியைத் தொடங்கினார். ஓராண்டு நிறைவதற்குள், 1815இல், நோயுற்று இங்கேயே இறந்தார். அவர் தொடக்கிய பணியிலிருந்து வளர்ந்த மெதடிஸ்த மத்திய கல்லூரி இலங்கையின் மிகப் பழைய பாடசாலைகளுள் ஒன்று. வாவிக் கரையில் மட்டக்களப்பு வாயில் என்னும் இடத்துக்கு அருகில் ஓல்டின் சிலை நிற்கிறது. பெண்களுக்கான வின்சன்ட் உயர்தரப் பாடசாலையின் தொடக்கம் 1820 ஆகும். புனித மிக்கேல் கல்லூரி 1873இல் தொடங்கியது. பின்னாளில் அங்கு வந்த அமெரிக்க இயேசு சபையினர் கல்வியோடு கூடைப்பந்தாட்டத்தையும் இந்நகரின் விளையாட்டாக்கினர். வெபர் விளையாட்டரங்கு அவர்களுள் ஒருவரான அருட்தந்தை வெபரின் பெயரைத் தாங்குகிறது.

கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில், 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமாயிற்று.

சுவாமி விபுலாநந்தருக்கும் இந்நகருக்கும் உள்ள தொடர்பு என்ன?

1892இல் இன்றைய அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில் பிறந்த மயில்வாகனனே பின்னாளில் சுவாமி விபுலாநந்தரானார். புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர், அறிவியல் கற்றவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறியவர். 1924இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்ட பின், கிழக்கில் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கிடைக்க வேண்டும் என்ற நோக்கோடு பாடசாலைகளைப் பொறுப்பேற்றும் நிறுவியும் நடத்தினார். அவற்றுள் கல்லடி சிவானந்த வித்தியாலயம் முதன்மையானது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், பின் 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தார்.

பழந்தமிழரின் யாழை இசையறிவாலும் கணிதத்தாலும் ஆராய்ந்து பல ஆண்டுகள் உழைத்து எழுதிய "யாழ்நூல்" 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. மறு மாதமே, ஜூலை 19இல், அவர் காலமானார். மட்டக்களப்பு வாவியின் நீரொலியைக் கருவாகக் கொண்டு நீரரமகளிர் பாடுவதாக அவர் இயற்றிய பாடலும் உண்டு. அவருடைய சமாதி கல்லடியில், அவர் வளர்த்த பாடசாலைச் சூழலிலேயே இருக்கிறது. கலை பயில்வோர் கட்டாயம் செல்ல வேண்டிய இடம் அது. அருகில் அவருடைய பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகமும் இயங்குகிறது.

மாவட்டத்தில் எந்தெந்தச் சமூகத்தினர் வாழ்கிறார்கள்?

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் ஏறத்தாழ 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். அவர்களுள் நால்வரில் மூவர் அளவினர் தமிழர். நால்வரில் ஒருவர் அளவினர் முஸ்லிம்கள். தமிழருள் சைவரே பெரும்பான்மையினர். நகரிலும் தன்னாமுனை போன்ற ஊர்களிலும் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் கணிசமாக இருக்கிறார்கள். முஸ்லிம்கள் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி முதலிய ஊர்களில் செறிந்து வாழ்கிறார்கள். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்பில் குடியேற்றியதாகப் போர்த்துக்கேயர் எழுதிய வரலாறு கூறுகிறது. வாகரைப் பக்கத்தில் கரையோர வேடர் குடும்பங்கள் உள்ளன.

பறங்கியரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போர்த்துக்கேய, ஒல்லாந்த மரபில் வந்த இச்சிறு சமூகத்தினர் தச்சு, இரும்பு வேலை, தையல் முதலிய தொழில்களில் கைதேர்ந்தவர்களாக இருந்தனர். போர்த்துக்கேய மொழியிலிருந்து பிறந்து, தமிழோடு நானூறு ஆண்டுகள் பழகி உருமாறிய ஒரு கிரியோல் மொழி இன்னும் அவர்களுடைய மூத்தோர் நாவில் இருக்கிறது. கல்யாண வீடுகளில் அவர்கள் வயலினோடு ஆடும் கப்ரிஞ்ஞா ஆட்டமும் அவ்வாறே தொடர்கிறது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை டச்பார்ப் பகுதியில் வாழ்ந்த பறங்கியர் குடும்பங்கள் பலவற்றை அழித்துவிட்டது. அம்மொழியைப் பேசுவோர் குறைந்து வருகையில், அதனைப் பதிவு செய்யும் பணிக்கு நகரத்தின் எல்லாச் சமூகத்தினரும் துணை நிற்க வேண்டும்.

"குடி" என்றால் என்ன?

தாய்வழியாக வரும் குலப் பிரிவே குடி. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை. வியப்புக்குரியது என்னவென்றால், இம்முறை தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஒன்றுபோலக் காணப்படுகிறது. கோயில் நிருவாகத்தில் குடிகளின் சார்பில் வண்ணக்கர் அமர்வதுபோல், பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிகளின் சார்பில் மரைக்காயர் அமர்ந்தனர். திருவிழாவின் ஒவ்வொரு நாளும் இன்ன குடிக்கு உரியது என்ற வரிசையும் உண்டு.

இதனோடு சேர்ந்தது வீடு பெண்ணுக்கு உரியது என்ற வழக்கம். மகளுக்கு மணமாகும்போது வீட்டை அவளுக்குக் கொடுப்பார்கள். மருமகன் அங்கே வந்து குடியேறுவான். பெற்றோர் அதே வளவில் ஒரு பக்கத்திலோ, அடுத்த மகளுக்கென்று கட்டும் வீட்டிலோ இருப்பார்கள். அக்கா தங்கையர் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்வதால் பிள்ளை வளர்ப்பிலும் நோயிலும் துன்பத்திலும் பெண்களுக்கு உறவின் துணை இருந்தது. அதேவேளை, ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு என்ற சுமை ஏழைப் பெற்றோரின் முதுகை முறிப்பதையும், அதற்காகவே எத்தனையோ தாய்மார் மத்திய கிழக்குக்கு வேலைக்குச் செல்வதையும் மறைக்கக் கூடாது.

முக்கியமான கோயில்களும் சடங்குகளும் எவை?

அமிர்தகழி மாமாங்கேசுவரர் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு இரு கரை மக்களும் திரளுவார்கள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயிலின் தேரோட்டம் படுவான்கரையின் பெருவிழா. மண்டூர் முருகன் கோயிலில் மூலத்தானத்தின் திரை விலகுவதில்லை. கதிர்காமத்தைப்போலவே பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமின்றி வழிபடுகிறார். தெற்கே திருக்கோவிலும் வடக்கே சித்தாண்டியும் இதே மரபின் பெருங்கோயில்கள். ஆயித்தியமலைச் சதாசகாய மாதா ஆலயத்துக்குக் கத்தோலிக்கர் நடந்தே யாத்திரை செல்கிறார்கள்.

ஆனால் ஊர் மக்களின் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது கண்ணகை அம்மன் சடங்கு என்றே சொல்ல வேண்டும். செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் முதலிய பல ஊர்களில் கோயிற் கதவு ஆண்டில் வைகாசிச் சடங்குக் காலத்தில்தான் திறக்கப்படும். கல்யாணக்கால் நட்டு, கண்ணகியின் வழக்குரைத்த கதையை இரவுகளில் பாடி, நிறைவில் குளிர்த்தி பாடுவார்கள். மதுரையை எரித்த சினம் தணிந்து அம்மன் குளிர வேண்டும், ஊருக்கு மழையும் நோயற்ற வாழ்வும் வர வேண்டும் என்பது வேண்டுதல். கொம்புமுறி விளையாட்டும் இவ்வழிபாட்டோடு சேர்ந்ததே. ஊரார் வடசேரி, தென்சேரி என்று இரு பிரிவாக நின்று, ஒன்றோடொன்று கொளுவிய இரு கொம்புகளை ஒன்று முறியும் வரை இழுப்பார்கள். ஒரு காவியத்தின் கதை ஏட்டில் உறங்காமல், வேளாண் ஊர்களின் ஆண்டுக் கடமையாக இவ்வளவு காலம் உயிரோடிருப்பதை மட்டக்களப்பின் பெருஞ்செல்வமாக நாங்கள் கருதுகிறோம்.

கூத்து இன்னும் ஆடப்படுகிறதா?

ஆடப்படுகிறது. வடமோடி, தென்மோடி என்று இரு வகை உண்டு. வடமோடியில் பெரும்பாலும் இதிகாசப் போர்க்கதைகள் வரும். ஆட்டம் மேலோங்கி நிற்கும். தென்மோடியில் பாட்டின் நுட்பம் கூடுதல். கூத்தாசிரியரான அண்ணாவியார் சட்டம் கொடுத்துப் பழக்கத் தொடங்கிய பின், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்று மாதக்கணக்கில் பயிற்சி நடந்து, வட்டக்களரியில் இரவு முழுவதும் அரங்கேற்றம் நிகழும். மத்தளமும் சல்லரியும் போதும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தைச் சுருக்கி மேடையேற்றினார். 1965இல் வந்த "இராவணேசன்" பெரும் பெயர் பெற்றது. அந்த முயற்சியில் முன்னின்ற மட்டக்களப்பு மாணவரான சி. மௌனகுரு பின்னர் பேராசிரியராகி இத்துறையை வளர்த்தார். மேடைக் கூத்து ஊர்க்களரிக்கு மாற்றாகிவிடாது. ஊரில் ஆடுபவர் விவசாயி, மீனவர், கொத்தனார். பார்ப்பவர் அவருடைய உறவினர். விடியும்வரை அவர்கள் கலைந்து போவதில்லை.

மக்கள் எதைக் கொண்டு வாழ்கிறார்கள்?

நெல்லும் மீனும் அடித்தளம். ஐப்பசி மழையோடு தொடங்கும் பெரும்போகத்தில் மானாவாரி நிலங்களும் விதைக்கப்படும். சித்திரைக்குப் பின் வரும் சிறுபோகம் உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் போன்ற குளங்களின் நீரைப் பொறுத்தது. நிலவுடைமையாளரான போடியாரும், அவருடைய வயலைப் பொறுப்பேற்றுச் செய்யும் முல்லைக்காரரும், நீர்ப்பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையும் பழைய வேளாண் ஒழுங்கின் தூண்கள். களவெட்டியில் சூடு மிதித்து நெல்லைப் பிரிக்கையில் "பொலியோ பொலி" என்று பாடிய பொலிப்பாட்டு இயந்திரம் வந்தபின் அடங்கிவிட்டது. படுவான்கரை மேய்ச்சல் நிலத்து எருமைத் தயிர் மண்சட்டிகளில் நகருக்கு வருகிறது. காத்தான்குடியும் ஏறாவூரும் வணிகத்திலும் கைத்தொழிலிலும் முன்னிற்கின்றன.

அம்பாறை மாவட்டம் எப்போது பிரிந்தது?

1961இல் பிரிந்தது. அதற்குமுன் இன்றைய அம்பாறையின் பெரும்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்தது. பட்டிப்பளை ஆற்றை மறித்துச் சேனநாயக்க சமுத்திரத்தை உருவாக்கிய கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. அதன்வழி நிகழ்ந்த பெருங்குடியேற்றம் அப்பகுதியின் மக்கட்பரம்பலை மாற்றியதோடு, புதிய மாவட்டத்துக்கும் வழிவகுத்தது. ஆட்சி எல்லை மாறிய பின்னும் கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் ஊர்களோடு மண உறவும் கோயில் உறவும் அறவில்லை.

இந்நகர் சந்தித்த பேரிடர்கள் எவை?

1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளி மாவட்டத்தின் தென்னைகளையும் கூரைகளையும் ஒருசேர வீழ்த்தியது. ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நாவலடியை ஏறத்தாழ முழுமையாக அழித்தது. தப்பியோர் பலர் திராய்மடுவில் குடியமர்த்தப்பட்டனர். கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் சாய்ந்த கோபுரம் அந்த நாளின் அடையாளமாக நின்றது.

போர் தந்த இழப்பு வேறு வகையானது. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர் நூற்றுக்கும் மேற்பட்டோர் அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பவில்லை. சத்துருக்கொண்டானில் குழந்தைகளும் உட்படப் பெருந்தொகையினர் கொல்லப்பட்டனர். போர் முடிந்த பின்னும், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த குண்டுத் தாக்குதலில் பலியானோருள் பலர் சிறுவர்கள். இவற்றுள் ஒன்றை நினைத்து மற்றொன்றை மறைக்கும் வரலாறு இந்நகருக்குப் பயன்படாது. எல்லாப் பெயர்களையும் எல்லாப் பிள்ளைகளும் அறிய வேண்டும்.

கடலில் மூழ்கிய கப்பல் எது?

ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் அதனை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடப்பதால் நன்கு பயின்ற சுழியோடிகள் மட்டுமே அங்கு செல்லலாம்.

எப்போது, எப்படி வருவது?

கொழும்பிலிருந்து நேரடிப் புகையிரதமும் பேருந்தும் உண்டு; பகலில் உதயதேவி, இரவில் பாடுமீன். கடலும் வாவியும் அமைதியாக இருக்கும் சித்திரை முதல் ஆவணி வரையான மாதங்கள் பயணத்துக்கு ஏற்றவை. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில் நண்பகல் வெயில் கடுமையாக இருக்கும். வெளியில் செல்வதைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். சடங்கு பார்க்க விரும்பினால் வைகாசியிலும், மாமாங்கத் தீர்த்தத்துக்கு ஆடியிலும் வர வேண்டும். ஒரு நாளையேனும் படுவான்கரைக்கு ஒதுக்குங்கள். மண்முனைப் பாலத்தால் சென்று கொக்கட்டிச்சோலையைப் பார்த்துவிட்டு, தெற்கே மண்டூர் வரை போய், அங்கிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் ஏறி வாவியைக் கடந்து திரும்பலாம்.